ஒரு சொட்டு ரத்தம் சரி, டைலூஷன் என்ன ஆச்சு?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒரு சொட்டு ரத்தம் விட்டால் போதும், உள்ளங்கை அளவு கருவியே எல்லா டெஸ்ட்டும் செய்துவிடும் என்று செய்தி போட்டிருந்தீர்கள். சந்தோஷம்தான். ஆனால் டைலூஷன், அதாவது ரத்தத்தை நீர்க்க வைக்க அந்தச் சொட்டோடு கரைசல் எவ்வளவு கலக்கிறது, எப்படிக் கலக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. முப்பது வருஷம் லேபில் குப்பை கொட்டியவன் கண்ணுக்கு அதுதான் முதலில் படுகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெள்ளை அணு எண்ண, பைப்பெட் என்ற கோடு போட்ட மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை 0.5 கோடு வரை வாயால் உறிஞ்சி, அதன் பின்னாலேயே கரைசலை 11 கோடு வரை இழுப்போம். ஒரு பங்கு ரத்தம், கரைசலோடு சேர்ந்து இருபது பங்காகும். ரத்தம் கோட்டை ஒரு நூல் தாண்டினால் பஞ்சால் நுனியைத் தொட்டு இறக்க வேண்டும், ரொம்பத் தாண்டினால் முதலிலிருந்து. அப்புறம் பைப்பெட்டின் குமிழுக்குள் இருக்கும் சின்ன மணி உருள உருளக் குலுக்குவோம்.

இந்தக் கையளவு கருவிகளுக்குள் ரத்தம் ஓடும் முடி அளவு வாய்க்காலில் அந்தக் குலுக்கல் நடக்காது. ரத்தமும் கரைசலும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி பக்கத்துப் பக்கத்தில் ஓடும், ஓரத்தில் ஊறி ஊறித்தான் கலக்கும். அதற்காகத்தான் வாய்க்காலை வளைத்து வளைத்து விடுவதும் அடியில் மீன்முள் மாதிரி கீறுவதும். பிக்கோலோ என்ற சின்ன ரத்தப் பரிசோதனைக் கருவியில், ரத்தம் விட்ட தட்டையே சுழற்றிக் கலக்கிறார்கள்: 100 மைக்ரோலிட்டர் ரத்தம், சுமார் 12 நிமிஷம். நல்ல வேலை, குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் 5 மைக்ரோலிட்டர் எடுக்க வேண்டிய இடத்தில் ஒரு குமிழி புகுந்து 4 ஆனால், முடிவில் ஐந்தில் ஒரு பங்கு போச்சு. அமெரிக்காவில் தெரானோஸ் கம்பெனி விரலில் குத்தி எடுத்த துளி ரத்தத்தை நீர்க்க வைத்துப் பெரிய லேப் மெஷினில் ஓட்டியது. அளக்க வேண்டிய பொருள் அதில் அவ்வளவு நீர்த்து, மெஷின் சரியாக அளக்கக்கூடிய வரம்புக்குக் கீழே போய்விட்டது. கம்பெனியைத் தொடங்கிய எலிசபெத் ஹோம்ஸுக்கு 2022இல் சிறைத் தண்டனை கிடைத்தது, அதுவும் முதலீட்டாளர்களை ஏமாற்றியதற்கு. நோயாளிகள் தொடர்பான குற்றச்சாட்டுகளில் விடுதலை!

எங்கள் பக்கத்து முகாம் ஒன்றில், ஸ்பிரிட் காயும் முன்பே ஒரு அம்மாவின் விரலைக் குத்தி, பிழிபிழியென்று பிழிந்தார்கள். ஹீமோகுளோபின் 8.9. பயந்துபோய் மறுநாள் கை நரம்பில் எடுத்துப் பார்த்தால் 10.6. பிழிந்தால் திசுநீர் சேரும் என்று விரலைக் குத்திய பெண்ணுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அடுத்த முறை கம்பெனிக்காரரிடம் இதையும் கேட்டு எழுதுங்கள்: ரத்தம் குறைவாகவோ குமிழியோடோ உள்ளே போனால் கருவி ‘எரர்’ காட்டுமா, இல்லை ஏதோ ஒரு எண்ணைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்குமா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
கும்பகோணம்