அம்மாவின் அலுமாரியில் இருக்கும் சவர்க்காரங்கள்

உரும்பிராய், யாழ்ப்பாணம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ ரொறன்ரோவுக்குத் திரும்பிப் போய் மூன்று கிழமைகள் ஆகிவிட்டன. புறப்படுவதற்கு முதல் நாள் அம்மாவின் அலுமாரியைத் திறந்த நீ, அதில் பதினொரு சவர்க்காரக் கட்டிகளும் நான்கு பெட்டி மெழுகுதிரியும் நெருப்புப்பெட்டிகளும் அடுக்கியிருப்பதைக் கண்டு, "சந்தியில் கடை இருக்கும்போது எதற்கம்மா இவ்வளவு?" என்று கேட்டாய். அம்மா ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்தினார். நானும் அப்போது வாய் திறக்கவில்லை. அந்தக் கேள்விக்கு நின்ற நிலையில் சொல்லிவிடக்கூடிய பதில் என்னிடம் இருக்கவில்லை.

பொருள் இல்லாத காலத்தை நான் மூன்று முறை கண்டிருக்கிறேன். முதலாவது, நான் தோட்டத்தில் அப்பப்பாவுக்குத் துணையாக நின்ற எழுபதுகள். அந்நியச் செலாவணி இல்லாமல் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு இறக்குமதியை இறுக்கியிருந்தது. 1973இல் உலகெங்கும் எண்ணெய் விலை ஏறியதும் நெருக்கடி இன்னும் கூடியது. அரிசிப் பங்கீடு குறைந்தது, மாவும் பங்கீட்டுக்கு வந்தது, தெற்கில் பாணுக்காக விடியுமுன்பே வரிசைகள் நின்றன, ஊரெல்லாம் மரவள்ளிக்கிழங்கு அவித்தது. ஆனால் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராமற்போனதால் எங்கள் செம்மண்ணில் விளைந்த செத்தல் மிளகாய்க்கும் சின்ன வெங்காயத்துக்கும் அதுவரை யாரும் கேள்விப்படாத விலை கிடைத்தது. துலா மிதித்து இறைத்த கிணற்றுக்கு இயந்திரம் வந்தது. நீ பிறந்து வளர்ந்த கல்வீடு அந்த மிளகாய்க் காசில்தான் எழுந்தது.

நாட்டின் பஞ்சம் எங்கள் வீட்டுக்குச் செழிப்பாக இருந்தது என்பதை நான் நெடுங்காலம் பெருமையாகவே சொல்லிவந்தேன். அதே காலத்தில், 1974ஆம் ஆண்டை ஒட்டி, மலையகத் தோட்டங்களில் எங்கள் மொழி பேசும் மக்கள் பட்டினியால் செத்தார்கள். அவர்களிடம் விளைநிலம் இல்லை, கையில் இருந்த கூலியோ ஏறிய விலைக்குப் போதவில்லை. பிழைப்புத் தேடி வன்னிக்கு இறங்கி வந்தவர்கள் பலர் கிளிநொச்சிப் பக்கத்து மிளகாய்த் தோட்டங்களில் குறைந்த கூலிக்கு வேலை செய்தார்கள். ஒரே தட்டுப்பாடு நிலம் வைத்திருந்தவனுக்கு வீடு கட்டிக் கொடுத்தது, கூலியை மட்டுமே நம்பியிருந்தவனின் பிள்ளையைக் கொன்றது. இதை நான் விளங்கிக்கொள்ள மிகவும் பிந்திவிட்டது, மகள்.

1977இல் ஆட்சி மாறி இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் எங்கள் விலைகள் சரிந்தன. விலை ஏறும் என்று காத்திருந்த அப்பப்பா, கொட்டிலில் பிடி பிடியாகக் கட்டித் தொங்கவிட்ட வெங்காயம் முளைவிடும்வரை அதை விற்கவில்லை. நல்ல காலம் நிலைக்கும் என்று எண்ணி இயந்திரத்துக்குக் கடன்பட்டவர்கள் ஊரில் பலர் இருந்தார்கள்.

இரண்டாவது காலம் உனக்குக் கதையாகத் தெரியும். 1990 யூனில் அரசுக்கும் புலிகளுக்கும் சண்டை மீண்டும் தொடங்கியபின் மின்சாரம் நின்றது. எரிபொருள், பற்றரி, மெழுகுதிரி, சவர்க்காரம், பசளை, சீமெந்து என்று, இங்கே கொண்டுவரக்கூடாதென அரசு விதித்த தடைப்பட்டியல் நீண்டது. வவுனியாவுக்கு அப்பால் கடைகளில் நிறைந்து கிடந்த பொருள் இங்கே இல்லாதிருந்தது. எழுபதுகளில் நாட்டிடம் பணம் இல்லை. இப்போதோ, எங்களுக்குக் கிடைக்கக்கூடாது என்று ஒரு முடிவு எடுக்கப்பட்டிருந்தது. மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் உதைத்துக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். பனம்பழத்தைப் பிசைந்து துணி தோய்த்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, காற்றில் அணையாதபடி உள்ளேயே திரி எரியும் விளக்கில் உன் அண்ணன் படித்தான். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் இவற்றைச் சொல்லி, "எங்கள் மூளையைப் பாருங்கள்" என்று மகிழ்வதுண்டு. மகிழட்டும். ஆனால் அந்த மூளை முழுவதும் ஒரு போத்தல் எண்ணெயைச் சுற்றியே செலவழிந்தது என்பதையும் சொல்லவேண்டும். விறகு, எண்ணெய், சீனி என்று காலையிலிருந்து இரவுவரை அன்றைய நாளைத் தவிர வேறொன்றையும் நினைக்க முடியாதிருந்தது. அம்மா தன் இருபத்தெட்டு வயதிலிருந்து முப்பத்திரண்டு வயதுவரை என்ன ஆசைப்பட்டார் என்று கேட்டால், ஒரு முழுச் சவர்க்காரக் கட்டி என்றுதான் சொல்வார்.

நான் அப்போது கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்தேன் என்பது உனக்குத் தெரியும். குடும்ப அட்டைக்கு இவ்வளவு என்று மண்ணெண்ணெய் அளந்து கொடுப்பது என் பொறுப்பு. பீப்பாய் கடைக்குள், கதவுக்குப் பின்னால் இருந்தது. ஒவ்வொரு முறையும் வரிசை குலைந்து சண்டையாகும்; ஒரு நாள் ஒருவர் இன்னொருவரின் போத்தலைப் பிடுங்கி நிலத்தில் அடித்தார். எண்ணெய் மண்ணில் ஊறியதைப் பார்த்து இரண்டு பேரும் அழுதார்கள். அடுத்த முறை எண்ணெய் வந்தபோது நான் பீப்பாயை உருட்டி வந்து வெளி விறாந்தையில் நிறுத்தினேன். கரும்பலகையில், வந்தது எத்தனை லீற்றர், அட்டைகள் எத்தனை, ஆளுக்கு எவ்வளவு என்று சோக்கட்டியால் எழுதினேன். அளவுப் பேணியை எல்லோர் கண்முன்னும் விளிம்புவரை நிரப்பி, நுரை அடங்கும்வரை பொறுத்து, புனலில் ஊற்றினேன். முதல் பத்துப் பேர் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதன் பிறகு வரிசையில் ஊர்க்கதை பேசத் தொடங்கினார்கள். ஆளுக்குக் கிடைத்த அளவில் ஒரு துளியும் கூடவில்லை, மகள். தன் பங்கு எவ்வளவு என்று தெரிந்ததும், முன்னால் நிற்பவருக்கும் அதே அளவுதான் என்று கண்டதும், அவர்களுக்குப் போதுமாக இருந்தன.

இது என் சொந்த அனுபவம் மட்டும்தானோ என்று சில காலம் எண்ணியிருந்தேன். 2022இல் மூன்றாவது முறை வந்தது. ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது; செப்ரெம்பரில் பணவீக்கம் எழுபது வீதத்தை எட்டியது. எரிபொருள் நிலைய வரிசையில் இரண்டு இரவுகள் என் பழைய மோட்டார் சைக்கிளோடு படுத்தேன். அங்கே நின்றவர்களில் பாதிப் பேரின் தாங்கியில் ஏற்கெனவே எண்ணெய் இருந்தது. அடுத்த கப்பல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாததால், தேவையில்லாதவனும் நிரப்ப வந்தான். அவன் வந்ததால் தேவைப்பட்டவனின் முறை பின்னுக்குப் போனது. அவர்களைப் பேராசைக்காரர் என்று திட்ட எனக்கு மனம் வரவில்லை. நானும் வீட்டில் ஒரு கலனை ஒளித்து வைத்திருந்தேன்.

யூலை கடைசியில் கியூஆர் அட்டை முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர். நாட்டின் கையிருப்பு ஒரே இரவில் பெருகிவிடவில்லை, ஆனாலும் சில கிழமைகளில் வரிசைகள் சுருங்கின. வாரக் கடைசியில் என் பங்கில் ஒரு லீற்றர் மிஞ்சியபோது அதை நிரப்பாமலே விட்டேன். முந்தைய மாதம் அப்படி விட்டிருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். மாட்டேன். அந்தச் சிறிய அட்டையைக் கையில் பிடித்தபோது எனக்கு விறாந்தையில் நின்ற பீப்பாயும் கரும்பலகையும்தான் நினைவுக்கு வந்தன.

2020 மார்ச்சில் கொரோனா தொடங்கியபோது உங்கள் ஊர்க் கடைகளில் கழிப்பறைத் தாள் தீர்ந்துபோனதைச் சொல்லி, "வசதியான மனிதர்கள் ஏன் இப்படி நடக்கிறார்கள் அப்பா?" என்று நீ கேட்டது ஞாபகமா? அவர்களும் கப்பல் எப்போது வரும் என்று தெரியாமல் நின்றவர்கள்தான். எழுபதுகளில் எங்கள் வீடு செழித்ததும், மலையகம் பட்டினி கிடந்ததும், விறாந்தைக்கு வந்த பீப்பாயால் சண்டை அடங்கியதும் எனக்குச் சொல்வது இதுதான்: எவ்வளவு குறைவு என்பதை விட, அந்தக் குறைவை யார் யார் தலையில் எப்படிப் பகிர்ந்தார்கள், அது எல்லோருக்கும் தெரியும்படி நடந்ததா என்பதே மனிதர் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதைத் தீர்மானிக்கிறது. நீ அங்கே நகரசபையில் வேலை செய்கிறாய். தண்ணீரோ வீடோ போதாமல் போகும் நாளில் உன் மேசைக்கும் அந்தக் கணக்கு வரக்கூடும். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதினேன்.

அம்மாவை அலுமாரி பற்றி இனிக் கேட்காதே. நேற்று நீ அனுப்பிய பொதி வந்தது. உடுப்புகளை என்னிடம் தந்துவிட்டு, நீ வைத்திருந்த ஆறு சவர்க்காரங்களை அவர் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து, பழைய பதினொன்றுக்குப் பின்னால் அடுக்கினார்.

அன்புடன்,
அப்பா