அந்த இரண்டு நாள் எதற்கு?

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

“ஐந்து நாள் லட்சத்தீவுப் பயணத்துக்கு ஏழு நாள் விடுப்பு எடுக்கச் சொல்கிறீர்களே, ஏன்?” என்று இந்தப் பருவத்தில் பலர் கேட்டுவிட்டார்கள். சிலர் கோபமாகவே கேட்டார்கள். போனில் ஒவ்வொருவரிடமும் பாதி பாதியாகச் சொல்வதைவிட, எழுதிவிடுவது நல்லது என்று பட்டது.

கொச்சியிலிருந்து கப்பலில் போனால், தீவைப் பொறுத்து 14 முதல் 18 மணி நேரம் ஆகும். அகத்தி தீவுக்கு விமானமும் உண்டு; ஒன்றரை மணி நேரப் பயணம். ஆனால் அங்கே ஓடுபாதையின் நீளம் சுமார் 1,200 மீட்டர்தான். சின்ன விமானம் மட்டுமே இறங்க முடியும், இருக்கைகளும் குறைவு. கப்பலோ கடலின் சொல்லைக் கேட்டு ஓடுவது. அலை மிஞ்சினால் புறப்படும் நேரம் தள்ளிப்போகும், தீவுகளின் வரிசை மாறும். மருத்துவத்துக்கும் படிப்புக்கும் கரைக்கு வந்துபோகும் தீவு மக்களுக்கும் அதே கப்பல்தான். நமக்கு அது உல்லாசம், அவர்களுக்கு டவுன் பஸ்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்துக்கு, கப்பல் கொச்சி திரும்பும் அன்றே மாலை ரயிலுக்கு டிக்கெட் போட்டிருந்தோம். கப்பல் மறுநாள் காலையில் வந்து சேர்ந்தது. நான்கு டிக்கெட்டும் வீண். பையனுக்கு ஒரு தேர்வும் போயிற்று. அந்த டிக்கெட்டைப் போட்டவர்கள் நாங்கள்தான், பழி வேறு யார் மேலும் இல்லை. அன்றிலிருந்து கப்பல் திரும்பும் நாளுக்கு எந்த டிக்கெட்டும் போடுவதில்லை. நீங்கள் கேட்கும் இரண்டு நாளில் ஒன்று அதற்கு. இன்னொரு நாள், கொச்சியில் கப்பல் ஏறுவதற்கு முன்னால் கையில் இருக்க வேண்டியது.

அடுத்தது நுழைவு அனுமதி. நம் நாட்டின் யூனியன் பிரதேசம்தான் என்றாலும், அந்தத் தீவுகளைச் சேராதவர்கள் அனுமதி இல்லாமல் போக முடியாது. 1967ஆம் ஆண்டு விதி அது. ஆதார் நகலும் புகைப்படமும் கேட்டு நாங்கள் நச்சரிப்பது இதற்காகத்தான். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் விண்ணப்பம் திரும்பி வரும், ஆகவே அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதி அனுப்புங்கள். 2024 ஜனவரியில் பிரதமர் அங்கே போய்வந்த பிறகு விசாரிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். தீவுகள் பெருகவில்லை! மக்கள் வாழும் தீவுகள் பத்துதான், மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அந்த மாதங்களுக்கு நாங்கள் முன்பதிவு எடுப்பதில்லை. பணம் நோட்டாகவே கொண்டுபோங்கள். மதுவுக்குப் பங்காரம் தவிர மற்ற தீவுகளில் தடை. பவளத் துண்டு ஒன்றுகூடப் பையில் போடாதீர்கள். கரையில் செத்துக் கிடந்தது என்றாலும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். இதை மட்டும் எத்தனை முறை சொன்னாலும் யாராவது ஒருவர் சிரிக்கிறார்.

எங்கள் விளம்பரப் படங்களில் இல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பல தீவுகளில் கப்பல் கரைக்கு வராது. பவளத்திட்டுக்கு வெளியே ஆழக்கடலிலேயே நின்றுவிடும். சின்னப் படகுகள் அதன் பக்கத்தில் வந்து ஒட்டும். கப்பலின் விலாவில் ஒரு கதவு திறக்கும். அங்கே நின்று பார்த்தால் படகு ஒரு கணம் உங்கள் காலடிக்கு வரும், மறுகணம் ஓர் ஆள் ஆழத்துக்குப் போகும். ஊழியர்கள் இரண்டு பேர் உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு, படகு மேலே வரும்போது “இப்போது” என்பார்கள். அப்போதே கால் வைத்துவிட வேண்டும். யோசித்தால் படகு இறங்கிவிடும், அடுத்த அலைக்குக் காத்திருக்க வேண்டும். இரண்டு கையும் காலியாக இருப்பது முக்கியம். சக்கரப் பெட்டி வேண்டாம், முதுகுப்பை போதும். சேலையை விடச் சுடிதார் வசதி. தலைசுற்றல் மாத்திரையைக் கப்பல் நகர்வதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துப்போவதாக இருந்தால், முன்பணம் கட்டுவதற்கு முன்னால் எங்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். விமானத்தில் அகத்தி போய், அங்கேயே தங்கித் திரும்பும்படி திட்டத்தை மாற்றிப் போட்டுத் தருகிறோம். கட்டணம் கூடும், ஆனால் அந்தக் கதவருகே அவர்கள் நிற்க வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
பயண முன்பதிவுப் பிரிவு