வடக்கே கரையேறும் ஆமைகளுக்கும் ஒரு நடை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற பிப்ரவரியில் பேத்தியோடு நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கடலாமை முட்டைகளைத் தேடிக் காக்கும் இரவு ஆமை நடைக்குப் போயிருந்தேன். 1988 முதல் மாணவர்கள் நடத்திவரும் நடை அது. மணலைத் தோண்டி நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். ஏறக்குறைய 45 நாளில் குஞ்சு வரும் என்றதும், "நம்ம ஊர்ல வராதா தாத்தா?" என்று கேட்டாள்.

வரும். இந்த ஆலிவ் ரிட்லி ஆமையை எங்கள் மீனவர்கள் பங்குனி ஆமை என்பார்கள். ஆனால் வடசென்னையின் திருவொற்றியூரில் நாங்கள் அதிகம் பார்ப்பது செத்து ஒதுங்கியவற்றைத்தான். 2025 ஜனவரியில் கண்ட காட்சி இன்னும் மனதை அறுக்கிறது. ஆமை மேலே வந்து மூச்சு வாங்க வேண்டிய உயிர்; இழுவலையில் சிக்கினால் மூச்சுமுட்டியே சாகும். கரையிலிருந்து 5 கடல்மைலுக்குள் இழுவைப்படகு கூடாது என்ற விதியை ஆமைகள் முட்டையிடும் பருவ மாதங்களிலாவது கண்டிப்போடு நடைமுறைப்படுத்துங்கள்.

கடலரிப்பும், அதைத் தடுக்கக் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகளும் போக, எண்ணூர் வரை மிஞ்சியிருக்கும் மணல் கொஞ்சம்தான். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி ஊர்ந்துபோகும்; விளக்கு இருந்தால் கடலை விட்டு அந்தப் பக்கம் போய்விடும். அங்கே இரவு விளக்குகளை மங்கவைக்கலாம். எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஒரு நடை தொடங்கலாம். வழிகாட்ட மீனவ இளைஞர்கள் இருக்கிறார்கள்.

– ஒரு வாசகர், திருவொற்றியூர்