டீசல் லொறிகளில் பூட்டப்படும் ஐதரசன் கருவிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தண்ணீரிலிருந்து ஐதரசனைப் பிரித்து டீசலை மிச்சப்படுத்தும் என்று சொல்லி விற்கப்படும் கருவிகளை லொறியில் பூட்டிவிட்டு, அவை கோளாறு கொடுக்கின்றன என்று என்னிடம் கொண்டுவருவோர் இன்றும் குறையவில்லை. கொழும்பு கிராண்ட்பாஸில் டீசல் இயந்திரங்களைத் திருத்துவது என் தொழில். 2022 ஜூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் டீசல் 460 ரூபாவாகி, அந்த விலைக்கும் அதை வாங்க இரவு பகலாக வரிசையில் கிடந்த நாட்களில், என் சொந்த லொறிக்கு நானும் இப்படியொன்றைப் பூட்டினேன். ஆகவே வாங்கியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர்கள் அறிந்திருக்க வேண்டியவற்றைச் சொல்லவே எழுதுகிறேன்.

கருவி எளிமையானதுதான். துருப்பிடிக்காத உருக்குத் தகடுகளை அடுக்கிய கலமொன்றில் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு கரைத்த நீரை ஊற்றி, வாகனத்தின் மின்சாரத்தைப் பாய்ச்சினால், ஐதரசனும் ஒட்சிசனும் கலந்த வாயு எழும். அதை ஒரு குழாய் வழியாக இயந்திரம் உறிஞ்சும் காற்றோடு சேர்த்துவிடுகிறார்கள்.

என்னிடம் அதிகமாக வரும் முறைப்பாடு பியூஸ் எரிவது. காலையில் 15 அம்பியர் இழுத்த கலம் நண்பகல் வெயிலில் பேலியகொடை நெரிசலுக்குள் நிற்கும்போது அதைவிட மிக அதிகமாக இழுக்கும், ஏனென்றால் கரைசல் சூடாகச் சூடாக அதன் தடை குறைகிறது, தடை குறைய மின்னோட்டம் கூடி மேலும் சூடாக்குகிறது. போதாததற்கு, நீர்மட்டம் இறங்கும் ஒவ்வொரு முறையும் சாரதிகள் இரசாயனத்தையும் சேர்த்து ஊற்றுகிறார்கள். மின்பகுப்பில் செலவாவது நீர் மட்டுமே. பொற்றாசியம் ஐதரொட்சைட்டு கலத்திலேயே தங்கிவிடும். எனவே காய்ச்சி வடித்த நீரை மட்டும் சேர்க்க வேண்டும். குழாய்த் தண்ணீரும் கூடாது. இரசாயனம் கிடைக்காத இடத்தில் கறியுப்பைப் போட்ட ஒருவரைக் கண்டிருக்கிறேன். உப்புக் கரைசலிலிருந்து குளோரீன் வாயு எழும் என்பதை அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

நீர் குறையும் வேகத்தைக் கவனித்தாலே பாதிக் கோளாற்றைக் கண்டுபிடித்துவிடலாம். நிமிடத்திற்கு ஒரு லீற்றர் வாயு தரும் கலத்தில் மணிக்கு ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் நீர்தான் பிரிய முடியும். அதைவிட மிக வேகமாகக் குறைந்தால், நீர் ஆவியாகவோ நுரையாகவோ இயந்திரத்திற்குள் போகிறது என்று பொருள். அந்த நுரையோடு பொற்றாசியம் ஐதரொட்சைட்டு என்ற காரமும் போகிறது. காற்றுக் குழாயின் உட்புறத்தில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் உடனே கலத்தை நிறுத்துங்கள். காரம் அலுமினியத்தை அரிக்கும், இயந்திரத்திற்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் காற்றாடியும் பிஸ்டனும் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனவை.

இரவில் பற்றரி இறங்கிவிடுகிறது என்று வரும் வாகனங்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு உண்மையில் பயம் வருகிறது. கலத்தின் வயரைப் பற்றரியில் நேரடியாகவோ சாவியோடோ இணைத்திருப்பார்கள். இயந்திரம் நின்ற பின்பும் கலம் வாயுவை உற்பத்தி செய்து, காற்று வடிகட்டிப் பெட்டியை நிரப்பிக்கொண்டிருக்கும். காற்றில் 4 வீதம் ஐதரசன் இருந்தாலே அது தீப்பற்றக்கூடியது. இதுவோ எரிவதற்கு வேண்டிய ஒட்சிசனையும் கூடவே கொண்டுவருகிறது. எண்ணெய் அழுத்த சுவிட்ச் வழியாக, இயந்திரம் ஓடும்போது மட்டும் மின்சாரம் செல்லும்படி ரிலே என்ற மின்சுவிட்ச் போட வேண்டும். தீ திரும்பிக் கலத்திற்குள் பாயாதபடி, கலத்திற்கும் இயந்திரத்திற்கும் இடையில் வாயு குமிழியிட்டுச் செல்லும் தண்ணீர்ப் போத்தல் ஒன்றும் இருக்க வேண்டும், அதில் எப்போதும் நீர் இருக்க வேண்டும்.

இவ்வளவையும் சரிசெய்து கொடுத்த பின்பும், டீசல் மிச்சமாகவில்லையே என்று கேட்பவர்களுக்கு என்னிடம் மறுமொழி இருக்கிறது, ஆனால் அது அவர்கள் விரும்பும் மறுமொழி அல்ல. நிமிடத்திற்கு ஒரு லீற்றர் வாயு எடுக்க 200 வாற்று மின்சாரம் வேண்டும். அந்த வாயு எரிந்து தருவது ஏறத்தாழ 110 வாற்று வெப்பம். மணிக்கு 10 லீற்றர் டீசல் எரிக்கும் லொறியிலோ டீசலின் வெப்பம் மட்டும் ஏறத்தாழ ஒரு இலட்சம் வாற்று. நாம் சேர்ப்பது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த 200 வாற்று மின்சாரத்தைத் தரும் அல்டர்னேற்றரையும் அதே இயந்திரம்தான் சுழற்றுகிறது, அதில் போகும் இழப்புகளைக் கணக்கிட்டால் 110 வாற்றுக்காக ஏறத்தாழ ஆயிரம் வாற்று பெறுமதியான டீசலை எரிக்கிறோம். எந்தத் திருத்துநராலும் இதைத் திருத்த முடியாது.

பூட்டிய முதல் மாதத்தில் மிச்சம் தெரிந்தது என்று சிலர் சொல்வது பொய்யல்ல. கருவி பூட்டும் நாளிலேயே காற்று வடிகட்டியை மாற்றி, இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்து, டயர்களுக்குக் காற்றும் அடித்துவிடுகிறார்கள். சாரதியும் அந்த மாதம் கவனமாக ஓட்டுகிறார். தாங்கியை முழுதாக நிரப்பி, கருவியோடும் இல்லாமலும் அதே பாதையில், அதே பாரத்தோடு பல தடவை ஓடி மறுபடி நிரப்பிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். என் லொறியில் அப்படிப் பார்த்தேன், மாற்றம் எதுவும் இல்லை.

டீசல் இயந்திரத்தில் ஐதரசன் எரியாது என்று நான் சொல்லவில்லை. சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தினர், பெரும் பங்கு ஐதரசனில் ஓடும்படி ஒரு டீசல் இயந்திரத்தை மாற்றியமைத்து 2022 இல் அறிவித்தார்கள். ஆனால் அத்தகைய இயந்திரத்திற்கான ஐதரசன் வெளியே உற்பத்தியாகித் தாங்கியில் வருவது, வாகனத்தின் அல்டர்னேற்றரிலிருந்து பிறப்பது அல்ல.

இக்கருவிகளை விற்போர், அவை எத்தனை அம்பியர் இழுத்து எத்தனை லீற்றர் வாயு தருகின்றன என்பதையும், மிச்சமாகும் என்று சொல்லும் அளவை எவர் பரிசோதித்தார் என்பதையும் பெட்டியிலேயே எழுதும்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை கட்டாயப்படுத்த வேண்டும்.

ஏற்கெனவே பூட்டியவர்கள் கழற்றும்போது, கலத்தில் சேரும் கபில நிறக் கசட்டைக் கானுக்குள் ஊற்ற வேண்டாம். உருக்குத் தகடுகளிலிருந்து கரைந்த நச்சுத்தன்மையுள்ள குரோமியம் அதில் இருக்கக்கூடும். கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள். வாயுக் குழாய்க்காகக் காற்றுக் குழாயில் போட்ட துளையையும் மறக்காமல் அடைத்துவிடுங்கள், ஏனெனில் வடிகட்டிக்குப் பின்னாலுள்ள அத்துளை வழியாக உள்ளே போகும் வீதித் தூசு, டர்போவையும் சிலிண்டர்களையும் தேய்த்துவிடும்.

இங்ஙனம்,
டீசல் இயந்திரத் திருத்துநர் ஒருவர்,
கிராண்ட்பாஸ், கொழும்பு 14.