போன் அவளிடமே இருக்கிறது

அன்பு மகளுக்கு,

சின்னவளிடமிருந்து போனைப் பிடுங்கி அலுமாரியில் பூட்டச் சொல்லி வொய்ஸ் அனுப்பியிருந்தாய். பூட்டவில்லை, கோபித்துக்கொள்ளாதே. பூட்டினால் டியூஷனில் சிநேகிதியின் போனில் பார்ப்பாள். அங்கே பக்கத்தில் நான் இருக்கமாட்டேன்.

நீ பயப்படுவது நியாயம்தான். இவள் பார்க்கும் அந்த 'தேர்ட்டீன் ரீசன்ஸ் வை' என்ற இங்கிலீஷ் தொடர்நாடகம் 2017-ல் நெட்பிளிக்ஸில் வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தி, ஏன் சாகப்போகிறாள் என்பதை கெசட்டில் பேசிப் பதிந்து வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். அவள் சாகிறதையும் விலாவாரியாகக் காட்டியிருந்தார்கள். டொக்டர்மார் சொல்லி 2019 ஜூலையில்தான் அந்தக் காட்சியை வெட்டினார்கள். இவளுக்குச் சிநேகிதி ஏற்றிக்கொடுத்ததில் அது அப்படியே இருந்தது.

கடைசிப் பாகங்களை அவளோடு உட்கார்ந்து பார்த்தேன். அந்த இங்கிலீஷ் வேகம் எனக்குப் பிடிபடவில்லை, அவளே நிறுத்தி நிறுத்திக் கதை சொன்னாள். அதுவும் நல்லதாய்ப் போயிற்று, நிறுத்துகிற இடத்திலெல்லாம் ஏதாவது கேட்க முடிந்தது. அந்தக் காட்சி வந்ததும் ஓட்டிவிடச் சொன்னேன்.

"செத்த பிறகுதான் அம்மாயி எல்லாரும் அவ சொல்றதைக் கேக்குறாங்க" என்றாள். எனக்குத் திக்கென்றது. ரத்தமும் அழுகையும் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தக் கதையில் எனக்குப் பயமே இதுதான். போனவள் கடைசிவரை பேசிக்கொண்டே இருக்கிறாள். நிஜத்தில் ஏது கெசட்? நான் படிப்பித்த காலத்தில் நம் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனில் ஒரு பிள்ளை அப்படிப் போனாள். கருமாதி முடிவதற்குள் ஆளுக்கொரு கதை கட்டிவிட்டார்கள், மறுத்துப் பேச அவள் இல்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அவள் அம்மா கூடையோடு வந்து நின்றால் பேச்சு சட்டென்று நின்றுவிடும். இதை இவளிடம் சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தாள்.

அந்தக் காலம் மோசமான காலம். 1995-ல் இலங்கையில் லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள் என்று கணக்கு இருந்தது. கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்த பிறகு அது பாதிக்கும் கீழே வந்தது. கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாததால், அந்த ஒரு ராத்திரியைத் தாண்டிப் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர்.

மறுநாள் ரொட்டிக்கு மா பிசையும்போதுதான் அடுத்த கேள்வியைக் கேட்டேன். இந்த வயதுப் பிள்ளைகளை எதிரே உட்காரவைத்து விசாரித்தால் வாய் திறக்காது, கை வேலையாக இருக்கும்போது கேட்கவேண்டும். "உனக்கு எப்பவாவது செத்துப்போகலாம்னு தோணியிருக்கா?" என்று நேராகவே கேட்டேன். இல்லாத நினைப்பைக் கிளப்பிவிடுகிறேன் என்று உன் அப்பா முறைத்தார். கேட்பதால் அப்படி ஆகாது என்றுதான் மனநல டொக்டர்மாரும் சொல்கிறார்கள்.

"ச்சே, எனக்கில்ல" என்றாள். தேங்காய் திருவிக்கொண்டே இருந்தவள், அப்புறம், "எங்க வகுப்புல ஒருத்தி இருக்கா அம்மாயி" என்றாள். யாரிடமும் சொல்லக்கூடாதென்று அந்தப் பிள்ளை சத்தியம் வாங்கியிருக்கிறது. இவள் அதை மனதில் சுமந்துகொண்டுதான் இந்த நாடகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறாள். நாம் என்னவோ ஓ.எல். பரீட்சைக்குப் படிக்காமல் பொழுதைப் போக்குகிறாள் என்று நினைத்தோம்.

இந்தச் சத்தியத்தை மீறினால் பாவமில்லை என்றேன். அழுதாள். அடுத்த நாள் இரண்டு பேருமாகப் போய் ஆலோசனை டீச்சரிடம் சொன்னோம். இப்போது அந்தப் பிள்ளையை அதன் அம்மாவே ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறாள். பெயரை உனக்கும் எழுதமாட்டேன். இவள் போனில் 1926-ஐப் பதிந்து கொடுத்திருக்கிறேன், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை கோல் எடுக்கும்போது மார்க்ஸில் ஆரம்பிக்காதே. சிநேகிதி விஷயம் உனக்குத் தெரியும் என்றும் காட்டிக்கொள்ளாதே, அவளே சொல்லட்டும். இரண்டாவது சீசன் பார்க்கலாமா என்று கேட்பாள். எனக்கு விருப்பமில்லை. ஆனால் நீ அவள் அம்மா, பதிலை நீயே சொல்.

அன்புடன்,
அம்மா