மல்லி ஏற்றுமதியும் மொட்டுப்புழு மருந்தும்

ஆசிரியருக்கு,

மதுரை மல்லியை உலகச் சந்தைக்குக் கொண்டுபோவது பற்றிய பேச்சு எப்போதும் விமானம், குளிர்பதனக் கிடங்கு என்றே முடிகிறது. தெர்மோகோல் பெட்டியில் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போகும் மொட்டுக்கு அவை வேண்டும்தான். ஆனால் மார்ச் முதல் ஜூன் வரை வரத்து கொட்டும்போது மிஞ்சும் பூ போவது சென்ட் ஃபேக்டரிக்கு. அங்கே சிக்கல் வேறு.

காலையில் வாங்கிய மொட்டை இரவில் விரியவிட்டு, ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து, ஹெக்சேனை ஆவியாக்கினால் மெழுகு போல ‘கான்க்ரீட்’ மிஞ்சும். 1,000 கிலோ குண்டுமல்லிக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ. மணத்தை இழுக்கும் அதே ஹெக்சேன், மொட்டைத் துளைக்கும் மொட்டுப்புழுவுக்கு அடித்த, எண்ணெயில் கரையும் பூச்சிமருந்தையும் இழுத்துவரும். பூவில் இம்மியளவு இருந்த எச்சம் கான்க்ரீட்டில் 600 மடங்கு வரை திரளலாம். வெளிநாட்டில் சோதனைக்குப் போவது அந்தக் கான்க்ரீட்தான். பல தோட்டத்துப் பூ ஒரே பாத்திரத்தில் இறங்குவதால், ஒருவர் அடித்த மருந்து எல்லார் சரக்கையும் கெடுக்கும்.

மருந்தடித்தால் இத்தனை நாள் கழித்துப் பறி என்று டப்பாவில் அச்சிட்டிருக்கிறார்கள். தக்காளிக்குச் சரி. மல்லியை நாள் தவறாமல் விடியலில் பறித்தாக வேண்டும்; விட்ட மொட்டு அன்றிரவே விரிந்துவிடும். விவசாயியைக் குறை சொல்வோர் இதை யோசிப்பதில்லை.

ஆக, எங்களுக்கு மிஞ்சும் வழி வேப்பங்கொட்டைச் சாறு. 10 லிட்டர் டேங்குக்கு அரைக் கிலோ பருப்பை இடித்து, இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் சோப்பு கரைத்து மாலையில் அடிக்க வேண்டும். வடிகட்டல் சரியில்லாவிட்டால் நாசில் அடைக்கும். பூஞ்சணம் பிடித்த பழைய கொட்டையில் வீரியம் இருக்காது. சாறு புழுவை உடனே கொல்லாது என்பதால், புழு பெருகிய பிறகு அடித்துப் பயனில்லை; துளை விழுந்த மொட்டுகளை முதலிலேயே கிள்ளி எரிக்க வேண்டும். இதற்கு ஆள்கூலி கூடும். அந்தக் கூலியை யார் கொடுப்பது?

2013இல் கிடைத்த புவிசார் குறியீடு இதற்கு உதவாது. அது பெயரைக் காக்கும். கான்க்ரீட்டாகிவிட்டால் வாசனைத் திரவியக்காரருக்கு அது வெறும் ‘சம்பாக்’; குண்டுமல்லி இனத்தின் பொதுப்பெயர், ஊர்ப்பெயர் இல்லை.

சாறு மட்டும் அடித்த பூவைத் தோட்டக்கலைத் துறை மாதிரி எடுத்துச் சோதிக்கட்டும். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் அதைத் தனியாக எடைபோட்டு, ஃபேக்டரிகள் கூடுதல் விலைக்கு வாங்கட்டும். இதற்காக ஃபேக்டரியோடு போடும் ஒப்பந்தம் மார்ச் முதல் ஜூன் வரை மட்டும் போதும். மார்கழி, தையில் கிலோ ஆயிரங்களைத் தொடும்போது எந்த விவசாயியும் ஃபேக்டரிக்குப் பூ கொடுக்க மாட்டார். ஆண்டு முழுக்கக் கேட்கும் ஒப்பந்தம் உடைவது அங்கேதான்.

– மல்லி விவசாயிகள் சிலர்,
திருப்பரங்குன்றம் வட்டாரம், மதுரை.