சிலேட்டை வெட்டியது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னை தினத்துக்கு நீங்கள் போட்ட சிறப்புப் பக்கத்தில் ஒரு வரி: ‘பழைய படங்களையும் தாள்களையும் காப்பாற்றி வைக்கும் பழக்கம் சென்னைவாசிகளுக்குக் கிடையாது.’ நம் ஊர்ப் படங்களை லண்டன் நூலகத்தில் தேட வேண்டியிருக்கிறதே என்று உங்கள் நிருபர் பெருமூச்சு விட்டிருக்கிறார். சரி, விடட்டும். ஆனால் அந்த வரிக்கு நேர் மேலே அச்சாகியிருக்கும் படம் ஓட்டேரியில் எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து இறங்கி உங்கள் அலுவலகத்துக்கு வந்தது என்பதை அவரிடம் யாராவது சொல்லியிருக்கலாம்.

அப்பா பின்னி மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர். ஷிப்ட் ஆட்கள் வரிசையாக நிற்க, முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் பையன் கையில் ஒரு சிலேட்டு, அதில் சாக்பீஸில் பிரிவின் பெயரும் 1956 என்ற வருடமும். படத்தின் பின்பக்கம் ஒவ்வொருவர் பெயரையும் அப்பா பென்சிலில் எழுதியிருந்தார். நீங்கள், கட்டத்துக்குள் அடங்கவில்லை போலிருக்கிறது, கீழ்ப்பாகத்தை வெட்டிவிட்டீர்கள். சிலேட்டும் போயிற்று, பையனும் போனான். ‘அந்தக் கால வடசென்னைவாசிகள்’ என்று ஒரு வரி மட்டும் மிச்சம். நாட்டின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-ல் இந்த மில்காரர்களை வைத்துத்தான் தொடங்கியது, திரு.வி.க. இவர்களுக்காகத்தான் மேடை ஏறினார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும், பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் மாதிரி ஆக்கிவிட்டீர்கள்.

இது புதிதும் இல்லை. முன்பு ஒரு தடவை ‘1990-ல் மூர் மார்க்கெட்’ என்று ஒரு படம் போட்டீர்கள். 1985-லேயே எரிந்துபோன கட்டடம் ஐந்து வருடம் கழித்து எழுந்து வந்து உங்கள் நிருபருக்கு போஸ் கொடுத்திருக்கிறது! அந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் நிலையம் இருப்பது தினமும் மின்சார ரயிலில் வருகிற யாருக்கும் தெரியும். தப்பென்று எழுதிப் போட்டேன், பதிலே இல்லை. ஆகஸ்ட் 22 வந்தால் ரிப்பன் மாளிகை, சென்ட்ரல், மவுண்ட் ரோடு டிராம், இதைத் தாண்டி உங்களுக்கு ஊரே கிடையாது. சூளை, பட்டாளம், புளியந்தோப்பு எல்லாம் கொலை நடந்தால்தான் பேப்பரில் வரும்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கம்பெனிக்காரன் காலத்துத் தாள்கள் 1670-களிலிருந்து இருக்கின்றன. இருக்கட்டும், வேண்டியதுதான். ஆனால் அது சர்க்கார் எழுதிய கணக்கு. தெருவின் கணக்கு டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில்தான் இருக்கிறது, அதைக் காப்பாற்றியவர்கள் வீட்டுப் பெண்கள். 2015 வெள்ளத்தில் ஜாபர்கான்பேட்டையில் என் தங்கை வீட்டுக்குள் அடையாறு புகுந்தபோது அவள் பீரோவை விட்டுவிட்டு ஆல்பத்தைத்தான் மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அப்படியும் பாதி நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. ஒவ்வொன்றாகப் பிரித்துத் துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தாள். அவளுக்குத்தான் பழக்கம் கிடையாதாம். எங்கள் பக்கத்து ஸ்டுடியோ ஒன்று மூடியபோது நெகட்டிவ் பெட்டிகளை, அதிலிருக்கும் வெள்ளிக்காக எடைக்கு வாங்கிப் போனார்களே, அன்றைக்கு எந்தப் பத்திரிகையாவது எட்டிப் பார்த்ததா? அதைக் கேட்டால் வயசான ஆள் புலம்புகிறான் என்பீர்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் அந்தப் படத்தை சிலேட்டோடு முழுசாகப் போட்டு, பின்பக்கம் இருக்கும் பெயர்களையும் அச்சிடுங்கள். அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்றும் பெரம்பூர் பக்கம் உங்கள் பேப்பரைத்தான் வாங்குகிறார்கள். அப்புறம், ‘ஸ்கேன் செய்துவிட்டு மறுநாளே தந்துவிடுகிறோம்’ என்று வாங்கிப்போன அசல் இன்னும் வந்து சேரவில்லை. தபாலில் அனுப்ப வேண்டாம், மடங்கிவிடும். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன், போன தடவை மாதிரி வாசலிலேயே நிறுத்தாமல் உள்ளே விடும்படி செக்யூரிட்டியிடம் மட்டும் சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருவர்,
ஓட்டேரி, சென்னை-12.